காது ஒடிந்த சுண்ணாம்பு ஜாடி

எங்கள் வீட்டுச் சுண்ணாம்பு ஜாடிக்கு ஒரு காது கிடையாது. சூளையிலிருந்து இறக்கும்போதே ஒடிந்த ஜாடி. 1980-களில் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த மாமா, விலை போகாத சாமான் என்று கொண்டுவந்து கொடுத்தது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான். கோணிப்போன குவளை, மூக்கு உடைந்த பொம்மை, வீறல் விட்ட பியூஸ் கேரியர் என்று ஏதாவது ஒன்று திண்ணையில் கிடக்கும். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண்தான் இந்த ஊருக்குப் பிழைப்புக் கொடுத்தது. பீங்கான் தொழில் படிக்கவென்றே அரசு இங்கே ஒரு கல்வி நிலையமும் நடத்தியது. பட்டறை விட்டு வருகிற ஆட்களின் கை கால் எல்லாம் மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கும். அந்தக் கையோடே நேராக மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார்கள். பட்டறைக் கூலியும் கறவை மாடும் சேர்ந்துதான் குடும்பம் ஓடியது.

ஆயா அந்த ஜாடியில் சுண்ணாம்பு போட்டு வைத்திருந்தாள். அலுமினியப் பாத்திரமென்றால் சுண்ணாம்பு அரித்துவிடும். பீங்கானை ஒன்றும் செய்யாது. வெற்றிலைக்கு எடுத்ததைவிட மாட்டுக்கு எடுத்ததுதான் அதிகம்.

ஒரு நாள் விடியற்காலையில் பால் கறக்கப் போன அம்மா, வெறும் சொம்போடு திரும்பி வந்தாள். "அத்தை, பால் திரிதிரியா வருது. மடியத் தொட்டா செவல ஒதைக்குது."

ஆயா எழுந்து போய் மடியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு. பின்பக்கத்துக் காம்பு ஒன்று கல்லாக இறுகிக் கிடந்தது. "தம்பி, வேலியோரம் போயி கத்தாழ ரெண்டு மடல் ஒடிச்சிட்டு வா" என்றாள். மடலைத் தோலோடு நறுக்கி, ஒரு பிடி மஞ்சள் தூள் போட்டு, ஜாடியிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு சுண்ணாம்பு எடுத்துச் சேர்த்து அம்மியில் அரைத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்ததும் விழுது ரத்தச் சிவப்பாக மாறியது. நான் பயந்துபோய்ப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பூசுவதற்கு முன்னால் நோய்ப்பாலை ஒரு சொட்டு விடாமல் கறந்து எடுத்தாள். செவலை உதைத்தது, விடவில்லை. கறந்ததைக் கன்றுக்கும் காட்டாமல் கொல்லைக் கோடியில் குழி தோண்டி ஊற்றினாள். மடியைக் கழுவி, ஒரு கை விழுதைத் தண்ணீரில் கரைத்துத் தடவினாள். காய்ந்ததும் கழுவி, மறுபடி கறந்து, மறுபடி பூச்சு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை அதுதான். மருந்து பாதி, விடாமல் கறப்பது பாதி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கிருமி தங்கிய பால் மடிக்குள்ளேயே கிடந்தால் எந்தப் பூச்சு என்ன செய்யும்?

பல வருடம் கழித்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூரில் இருந்து செய்துவந்த மரபுவழி மூலிகை மருத்துவப் பணியைப் பற்றிப் படித்தேன். மடிநோய்க்கு அவர் சொல்லும் முறை: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். படித்ததும் ஆயாவின் ஒரு பிடியும் கொட்டைப்பாக்கும் கண் முன்னே வந்து நின்றன. குஜராத்தின் ஆனந்தில் இருக்கும் தேசிய பால்வள வாரியமும் இந்த முறையைப் பால் உற்பத்தியாளர்களிடம் கொண்டுபோயிருக்கிறது. ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து தங்கும். அதற்குரிய நாள் கழியும்வரை பாலை விற்கக் கூடாது. ஒற்றை மாட்டை நம்பி இருக்கும் வீட்டுக்கு அது எத்தனை பெரிய இழப்பு!

பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்லமாட்டேன். வாயில்லா ஜீவனுக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவதைப் பார்த்திருக்கிறேன். அது வைத்தியமில்லை, வதை. தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் மருந்து புகட்டுவதும் ஆபத்து. நுரையீரலுக்குள் போனால் மாடு பிழைப்பது அரிது. ஆயா மருந்தை வெல்லத்தோடு பிசைந்து நாக்கில் தடவிவிடுவாள். மாடு தானே நக்கி விழுங்கும்.

சூளைச் சாம்பல் சூட்டில் படுத்துக் கிடக்கும் நாய்களுக்குச் சொறி வந்தால் புங்க எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசச் சொல்வாள். ஆனால் அந்த நாய்களில் ஒன்று பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்தபோது, பச்சிலை கட்டலாம் என்று வந்தவரை அதட்டி அனுப்பிவிட்டு, பையனை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகச் சொன்னாள். அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. கோமாரிக்கும் அப்படித்தான். குப்பைமேனியும் வேப்பிலையும் பூண்டும் எண்ணெயில் காய்ச்சிக் குளம்புப் புண்ணுக்குப் போடுவாள். தடுப்பூசிக்காரர் தெருவுக்கு வந்தால் செவலையைத்தான் முதலில் இழுத்துப்போய் நிறுத்துவாள். அவருக்கு மோரும் கொடுப்பாள். மாட்டுக்காக மணவாளநல்லூர்க் கோயிலில் கொளஞ்சியப்பர் சாமிக்கு வேண்டுதலை எழுதிப் பிராது கட்டியதும் உண்டு. பச்சிலை, ஊசி, சாமி மூன்றையும் அவள் ஒன்றுக்கொன்று எதிராக நினைத்ததே இல்லை.

செவலைக்கு ஆறாம் நாள் பால் வெள்ளையாக இறங்கியது. ஏழாம் நாள்தான் கன்றை ஊட்ட விட்டாள்.

இன்று எங்கள் தெருவில் மாடு குறைந்துவிட்டது. ஆயா இல்லை, செவலை இல்லை. காது ஒடிந்த ஜாடி என்னிடம் இருக்கிறது. அடியில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருக்கிறது. வேலியோரக் கற்றாழை மட்டும் கன்று விட்டுக் கன்று விட்டுப் பெருகி, ஒரு பாத்தி அளவுக்கு நிற்கிறது. மாட்டுக்கு என்று கேட்டு யார் வந்தாலும் ஒடித்துப் போகலாம்.