கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் ஒரு பைலட் கிளாஸ்!

சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி பக்கம் பஸ்ஸில் போயிருக்கீங்களா? அப்போ திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டைக் கடந்திருப்பீங்க. மயிலம் முருகன் கோயிலுக்கும், அப்படியே புதுச்சேரிக்கும் திரும்புகிற இடம். டீக்கடை, பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம், காது கிழியும் ஹாரன்... இங்கே என்ன பைலட் கிளாஸ்னு கேட்கறீங்களா?

விஷயம் இருக்கு பாஸ்! பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறக்கணும். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆயிரக்கணக்கில் காசு. தரையில் கத்துக்க வேண்டியதை வானத்தில் போய்க் கத்துக்கிட்டா, அதுக்கும் மீட்டர் ஓடும். அப்பா நிலத்தை வித்து ஃபீஸ் கட்டியிருந்தா, ஓடுறது மீட்டர் இல்லை, அந்த நிலம்! அதனால பைலட் கனவு இருக்கிறவங்க அடுத்த தடவை ஜன்னல் சீட் பிடிங்க. பஸ் டிக்கெட் காசிலேயே சில பாடங்கள் ரெடி.

முதலில் வாட்ச், அப்புறம் மேப், கடைசியில்தான் தரை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நேர்கோட்டில் சுமார் 20 கடல் மைல். திசை தெற்கு - தென்மேற்கு, ஏறக்குறைய 210 டிகிரி. சின்னப் பயிற்சி விமானம் 90 நாட் வேகத்தில் போனா நிமிஷத்துக்கு ஒன்றரை கடல் மைல். அதாவது மொத்தமே 13 நிமிஷம்! கூட்டேரிப்பட்டு நாலரை நிமிஷத்தில் வந்துடணும். நேரம் பார்த்து, மேப்பில் இடம் பார்த்து, அப்புறம் கீழே தேடுங்க. கீழே தெரியற ஊரைப் பார்த்துட்டு மேப்பில் தேடினா எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஏரியை நம்பாதீங்க

ஊர்ப் பேருக்குள்ளேயே ஏரி இருக்கு. ஆனா இந்தப் பக்கத்து ஏரி ஐப்பசியில் கடல் மாதிரி, சித்திரையில் கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி. மேப்பில் நீலமா இருக்கிறது தரையில் பழுப்பா இருக்கும். மாறாத அடையாளமா பிடிங்க: நெடுஞ்சாலை, கூடவே வர்ற ரயில் பாதை, இடது பக்கம் மயிலம் குன்று, வலது பக்கம் தூரத்தில் செஞ்சி மலைகள். ரெண்டு மூணு அடையாளம் ஒண்ணா ஒத்துப்போனாதான் 'இதான் கூட்டேரிப்பட்டு'ன்னு முடிவு பண்ணணும்.

புகை சொல்லும் சேதி

இன்னும் தெற்கே முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை. கரும்பு அரைக்கிற சீசனில் புகைபோக்கியைக் கவனிங்க. புகை புதுச்சேரிப் பக்கம் சாயுதா? காற்று மேற்கிலிருந்து அடிக்குது, உங்க விமானத்தையும் இடது பக்கம் தள்ளும். பைலட்டுகளிடம் ஒரு சுலபக் கணக்கு உண்டு: 1 டிகிரி விலகினா 60 கடல் மைலில் 1 கடல் மைல் தப்பும். 6 டிகிரி விலகினா விழுப்புரம் வர்றதுக்குள்ளே 2 கடல் மைல், கிட்டத்தட்ட மூணே முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பீங்க!

நம்பர் பிளேட் விளையாட்டு

ரேடியோவில் எழுத்துகளைப் படிக்கத் தனிப் பாஷை. பஸ் நின்னா பக்கத்து வண்டியைப் பாருங்க. விழுப்புரம் வண்டின்னா 'டேங்கோ நவம்பர் ட்ரீ டூ'. திண்டிவனம் வண்டின்னா 'டேங்கோ நவம்பர் ஒன் சிக்ஸ்'. ஒன்பது வந்தா 'நைனர்'. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், கண்டுக்காதீங்க.

ஃபீஸுக்கு முன்னாடி டாக்டர்

இதை மட்டும் மறக்காதீங்க. கமர்ஷியல் பைலட் ஆகணும்னா முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். பணத்தைக் கட்டிட்டு அப்புறம் உடம்பில் சிக்கல்னு தெரிஞ்சா, போனது போனதுதான். பரிசோதனை முதலில், வங்கிக் கடன் அப்புறம்.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். மேப்பில் விழுப்புரத்தோடு நிற்காம திருச்சி ரோட்டோடவே போங்க, உளுந்தூர்பேட்டை வரும். அங்கே ரெண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் இருக்கு. விமானம் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லைங்க. கூட்டேரிப்பட்டிலிருந்து அந்த ஓடுதளத்துக்கு என்ன திசை, எத்தனை கடல் மைல், 90 நாட்டில் எத்தனை நிமிஷம்? ஸ்கேலும் பென்சிலும் எடுங்க. விமானம் அப்புறம் வரட்டும்!