பன்னிரண்டு விநாடிகள்

சென்ற வருஷம் நான் எழுதியவற்றில் ஒன்றுதான் வெளி உலகத்தில் எதையாவது நகர்த்தியது. அது விமரிசனக் கட்டுரை அல்ல. போக்குவரத்துப் போலீஸுக்கு எழுதிய ஒரு பக்க மனு. அதைப் பற்றித்தான் இது.

பெருங்களத்தூரில் தொடங்கி மதுரவாயல் வழியாகப் புழல் வரை போகும் சென்னைப் புறவழிச்சாலை சுமார் 32 கிலோமீட்டர். அதிலிருந்து இறங்கும் கிளைச்சாலை ஒன்று ஊர்ச்சாலையில் வந்து முட்டும் இடத்தில் ஒரு சிக்னல். எந்த இறக்கம் என்பது வேண்டாம். ஊர்ச்சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அந்தப் பக்கம் அம்மாவின் முழங்காலுக்குப் பயிற்சி தரும் இடம். வாரத்தில் இரண்டு நாள் கடந்தாக வேண்டும். அகலம் 18 மீட்டர். மனிதன் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. ஆகவே எல்லா வண்டிகளையும் நிறுத்தி, நடப்பவர்களுக்கென்று 15 விநாடி ஒதுக்கியிருந்தார்கள். அம்மாவுக்கு 27 ஆகிறது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 16வது விநாடியில் ஹாரன்கள் தொடங்கிவிடும்.

மனு எழுதினேன். ஆங்கிலம் பி.ஏ. படித்தவனின் மனு, நாகரிகம், மனிதாபிமானம் எல்லாம் அதில் வந்தன. 1868ல் லண்டனில் வைத்த முதல் சிக்னலே பாராளுமன்றத்துக்கு எதிரே ஜனங்கள் தெருவைக் கடப்பதற்காகத்தான் என்று சரித்திரமும் சேர்த்தேன். (வாயுவில் எரிந்த அந்த விளக்கு 1869 ஜனவரியில் வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரரையே காயப்படுத்தியது. அதை மனுவில் சேர்க்கவில்லை.) ஆச்சரியம், ஒப்புக்கொண்டார்கள். நடப்பவர்களுக்கு 12 விநாடி கூடிற்று. கிளைச்சாலையின் பச்சையில் 12 குறைந்தது. அம்மா ஹாரன் சத்தம் இல்லாமல் அக்கரை சேர்ந்தாள். முதல் கவிதையை அச்சில் பார்த்த அன்று இருந்தது போல இருந்தது எனக்கு.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, வங்கி நண்பரின் காரில் புறவழிச்சாலையில் வந்துகொண்டிருந்தோம். இறக்கத்துக்கு வெகு முன்பே, மேலே, பிரதான சாலையிலேயே, இடது தடத்தில் வண்டிகள் நின்றிருந்தன. பக்கத்துத் தடத்தில் எண்பது தொண்ணூறில் பறந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் கடைசி வண்டி எங்களுடையது. பின்னால் ஒரு லாரி கிறீச்சிட்டு ஒரு கை தூரத்தில் நின்றது. நண்பர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. வரிசை ஏன் இங்கே வரை வந்தது என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருந்தது.

அன்றிரவு கணக்குப் போட்டேன். குமாஸ்தாவுக்கு அது வரும். ஒழுங்காகக் கிளம்பினால் ஒரு தடத்தில் 2 விநாடிக்கு ஒரு கார். 12 விநாடிக்கு 6. இரண்டு தடங்களில் 12. ஒரு சுற்று 2 நிமிஷம், மணிக்கு 30 சுற்று. ஆக 360 கார். இடைவெளியோடு காருக்கு 7 மீட்டர் என்றால் இரண்டு வரிசையில் 1,260 மீட்டர். முன்பிருந்த பச்சையே நிரம்பி வழியும் நேரத்தில்தான் இந்தக் கணக்கு செல்லும். மாலை ஆறிலிருந்து எட்டு வரை அங்கே அப்படித்தான். கிளைச்சாலையோ முந்நூறு மீட்டருக்கு மேல் இராது.

இதற்கென்று ஒரு சாஸ்திரமே இருக்கிறது. 1958ல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வெப்ஸ்டர் என்பவரின் அறிக்கை வந்தது. சுற்றின் நீளத்துக்கு அவர் தந்த சூத்திரம் இது: ஒரு சுற்றில் வீணாகும் விநாடிகளை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டு, சந்திப்பின் கொள்ளளவில் வண்டிகள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் பங்கால் வகு. வீண் 12 விநாடி, எடுத்துக்கொண்டது பத்தில் 7 பங்கு என்றால் 77 விநாடி. பத்தில் 9 ஆனால் 230. கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இதில் அதிசயமில்லை. ஒன்றாம் தேதி பத்துப் பேர் கூடுதலாக வந்தால், தாமதம் பத்துப் பேர் அளவோடு நிற்பதில்லை.

ஆனால் வெப்ஸ்டரின் சந்திப்பு தனித்து நிற்பது. அதன் பின்னால் வரிசை எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம் என்பது அனுமானம். இறக்கத்தில் அது செல்லாது. அங்கே சராசரித் தாமதத்தைக் குறைப்பதற்கு முன்னால், வரிசையின் வால் மேலே ஏறாமல் பார்த்தாக வேண்டும். சில நாடுகளில் கிளைச்சாலையின் மேல்முனையில் உணர்கருவி பதித்து, வரிசை அதைத் தொட்டவுடன் கீழே பச்சை நீளும்படி செய்கிறார்கள். கவிதையைத் தனியே பிய்த்தெடுத்து, முன்னும் பின்னும் ஏதுமில்லாதது போலப் படிக்கக் கல்லூரியில் கற்றுக்கொண்டோம். இதே பக்கங்களில் நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

சூத்திரத்தில் அம்மா இல்லை என்று கோபப்பட்டவன் நான். என் மனுவில் வரிசையின் கடைசி வண்டி இல்லை.

இரண்டாவது மனுவில் எண்கள் மட்டும் இருந்தன. 12 விநாடியும் திரும்பப் போயிற்று. நடுத்திட்டை அகலப்படுத்தினார்கள். இந்தச் சுற்றில் பாதிச் சாலை, அடுத்த சுற்றில் மீதி. 9 மீட்டரை அம்மா 14 விநாடியில் கடந்துவிடுகிறாள். இதுதான் சரியான ஏற்பாடு என்று நினைக்கிறேன். என்றாலும் அதை அவளிடம் சொல்லவில்லை. நடுத்திட்டில் இன்னும் நூற்றுச் சொச்சம் விநாடி நிற்க வேண்டும். உட்கார ஒன்றும் கிடையாது. பஸ் போகும்போதெல்லாம் தூசி.

"இதுக்காடா ரெண்டு தடவை எழுதிப் போட்டே?" என்றாள் போன வாரம். நிழல் இல்லாததால், அடுத்த முறை குடை எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள்.