உட்காரத் தெரிந்த ரோபோ

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. அதன் பிறகு ஊரின் பிழைப்பு ரயில் ஏறியது. ஆயிரக்கணக்கானோர் தினமும் பெங்களூர் போய்த் திரும்புகிறார்கள். அவர்களில் ஒருவரின் சரக்கு விசித்திரமானது. மூட்டை பெரிது, எடையோ கொஞ்சம்தான். உள்ளே கரடித் தலை, ராஜாவின் கவசம், ரோபோவின் மார்பு. எல்லாம் ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டியவை. கடைத் திறப்பு விழாக்களில் தங்கவயல் பையன்கள் இவற்றை அணிந்து நின்று கூலி வாங்குகிறார்கள்.

வெட்டுவது பெரிய வித்தையில்லை. வித்தை மூட்டுகளில் இருக்கிறது. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் சுடுபசைத் துப்பாக்கியால் ஒட்டினார். பார்க்க உறுதிதான். ஆனால் ஆறியதும் அந்தப் பசை விறைத்துவிடும். கையைத் திரும்பத் திரும்பத் தூக்கி இறக்கினால் தோளில் விரிசல் விடும். ஒரு வரவேற்பில் ரோபோவின் கை கழன்று விழ, குழந்தைகள் சிரித்தார்கள். வேடம் கட்டிய பையனுக்குப் பாதிக் கூலிதான் கிடைத்தது.

வழி காட்டியது சைக்கிள் பஞ்சர் கடை. அங்கே ட்யூபில் சொல்யூஷன் தடவி, கொஞ்சம் காயவிட்டுத்தான் ஒட்டுப் போடுவார்கள். காற்றடித்து ட்யூப் உப்பும்போது ஒட்டும் கூடவே விரியும். ஃபோமுக்கும் அதே கதைதான். செருப்புக்குப் போடும் ரப்பர் பசையை இரண்டு விளிம்பிலும் மெல்லத் தடவி, பத்து நிமிடம் பொறுத்து, விரலில் ஒட்டாத பதத்தில் சேர்த்து அழுத்துகிறார். தொட்டபின் நகர்த்த முடியாது என்பதால் முதலிலேயே பேனாவால் குறி வைக்கிறார். நெடி தலை சுற்ற வைக்கும். ஆகவே வேலை திண்ணையில்தான்.

தோள், முழங்கை, இடுப்பில் துண்டுகளை நேராக ஒட்டுவதே இல்லை. நடுவே விரலளவு இடைவெளி விட்டு, உட்புறம் அகல எலாஸ்டிக் பட்டையின் இரு ஓரங்களை மட்டும் ஒட்டுகிறார். நடுவில் பசை படக்கூடாது. இழுபட வேண்டிய இடம் அது. மேல்துண்டின் விளிம்பு ஓட்டுக்கூரை போலக் கீழ்த்துண்டின் மேல் படிந்து இடைவெளியை மறைக்கும். பொய்க்கால் குதிரையின் கூடும் ஆட்டக்காரரின் தோளில்தான் தொங்குகிறது, காலோடு பிணைக்கப்படுவதில்லை. அதனால்தான் ஆட முடிகிறது.

அவருடைய அப்பா சாம்பியன் ரீஃபில் நிலத்தடி வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன அந்தச் சுரங்கத்தில் பெரிய பயம் பாறை வெடிப்பு. நெகிழ்ந்து கொடுக்கும் பாறை வெடிப்பதில்லை, கெட்டிப் பாறைதான் வெடிக்கும் என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் மகன்.

இப்போது ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு பரீட்சை உண்டு. அணிபவன் கையை உயர்த்த வேண்டும், குனிய வேண்டும், கடைசியில் ஸ்டூலில் உட்கார வேண்டும். இடுப்பு இணைப்புக்கு மட்டும் அரை நாள் கூடுதலாகிறது. வெளியே தெரியாத வேலை, யாரும் அதற்குத் தனியாகப் பணம் தருவதில்லை. பின் எதற்கு?

"ஆறு மணி நேரம் நிக்கப்போறவன் நம்ம லைன் பையன் சார்" என்கிறார் அவர்.