ரெண்டு கேபிள் போட்டா டபுள் ஸ்பீடா?

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன்ல நின்னு பழகின யாருக்கும் இது சட்டுனு புரியும். தாம்பரம் - செங்கல்பட்டு நடுவுல மூணாவது பாதை வந்தாச்சு. அதனால லோக்கல் ட்ரெயின் வேகம் கூடிடுச்சா என்ன? இல்லையே! எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நிக்கிற நேரம்தான் குறையும். ஒரு வண்டி ஒரு தண்டவாளத்துலதான் ஓடும்.

ஸ்விட்ச்ல பண்ற லிங்க் அக்ரிகேஷனும் இதே கதைதான் மக்களே.

போன மாசம் இந்தப் பக்கம் ஒரு ஃபேக்டரிக்குப் போயிருந்தேன் (பேரெல்லாம் வேணாமே). ஆபீசுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல ஒரு ஜிகாபிட் ஃபைபர் ஒண்ணு இருந்தது. அங்க வேலை பார்க்கற டிப்ளமோ தம்பி இன்னொண்ணு இழுத்து, ரெண்டையும் ஒண்ணா சேர்த்துட்டான். ஆனா ராத்திரி பேக்கப் பழையபடி அதே ஒரு மணி நேரம். "காசு போட்டேன், ஸ்பீடு எங்கடா?"ன்னு முதலாளி தம்பியோட சம்பளத்துலயே கை வைக்கக் கிளம்பிட்டார்.

தம்பி மேல தப்பே இல்ல. அனுப்பறவர், வாங்கறவர் அட்ரஸை வச்சு ஸ்விட்ச் ஒரு கணக்கு போடும். ஒரு ஜோடிக்கு ஒரு கேபிள்னு முடிவாச்சுன்னா அதுலயேதான் அனுப்பும். மாத்தி மாத்தி அனுப்பினா பாக்கெட் வரிசை குழம்பிடுமே! பேக்கப் எடுக்கறது ஒரு சர்வர், வாங்கறது ஒரு பெட்டி. ரெண்டுலயும் ஆளுக்கு ஒரே ஒரு ஜிகாபிட் போர்ட். அப்புறம் எங்கேர்ந்து ரெண்டு வரும்? பகல்ல நாப்பது கம்ப்யூட்டர் ஒண்ணா ஓடும்போதுதான் ரெண்டாவது கேபிளோட அருமை தெரியும்.

இன்னொரு நல்ல காரியமும் பண்ணியிருந்தான். ரெண்டு பக்கமும் 'ஆக்டிவ்' மோடுல எல்ஏசிபி. ரெண்டு பக்கமும் 'பாசிவ்'னு வச்சா யாரும் முதல்ல பேச மாட்டாங்க, கூட்டணியே அமையாது :-) எல்ஏசிபி இல்லாம வெறும் 'ஆன்' போட்டா வேற ஆபத்து. நடுவுல மீடியா கன்வெர்ட்டர் இருந்து அந்தப் பக்கம் செத்துப்போனாலும் இங்க லைட் எரியும். ஸ்விட்சும் அதை நம்பி பாதி டிராஃபிக்கைக் கிணத்துல கொட்டும். எல்ஏசிபி இருந்தா ஸ்லோ டைமர்ல 90 செகண்ட், ஃபாஸ்ட்ல 3 செகண்ட்ல கண்டுபிடிச்சு அந்த லிங்கைக் கழட்டி விட்டுடும்.

இதுல நம்மாளு ஒருத்தர் பங்கும் இருக்கு. 1990-ல ஈதர்நெட் ஸ்விட்சைக் கொண்டு வந்த கம்பெனி பேரு 'கல்பனா'. வினோத் பரத்வாஜ் தன் மனைவி பேரை வச்சார். ஈதர்சேனல் அங்க பிறந்ததுதான். 1994-ல சிஸ்கோ வாங்கிடுச்சு. 2000-ல 802.3ஏடி-ன்னு பொதுத் தரமாச்சு.

சரி, முதலாளிக்கு எப்படிப் புரிய வச்சோம்? விளக்கம் எல்லாம் எடுபடல. பட்டப்பகல்ல, எல்லாரும் வேலை பார்க்கும்போதே தம்பி ஒரு ஃபைபரை உருவிட்டான். முதலாளி பதறிட்டார். யாருக்கும் எதுவும் நிக்கல. பில்லிங் அது பாட்டுக்கு ஓடுது.

"ஓ... இதுக்குத்தானா?"ன்னார். சம்பளப் பேச்சு அதோட போச்சு.