மட்டையில் வரைந்த ஊர்

1991ஆம் ஆண்டு பாரிசில் ஓர் ஆறாம் மாடி அறையில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். மூன்று பேருக்கு இரவு வேலை, நாலு பேருக்குப் பகல் வேலை. மெத்தைகள் சூடு ஆறுவதே இல்லை. நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த பிரெஞ்சு மாணவன் ஒருவன், மொழி பழக உதவும் என்று அட்டை கிழிந்த ஒரு நாவலைத் தந்தான். அகராதியும் கையுமாக அதை வாசித்து முடிக்க எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன.

அமெரிக்க எழுத்தாளர் பிலிப் கே. டிக் 1965இல் வெளியிட்ட நாவல் அது. ஆங்கிலத் தலைப்பை 'பால்மர் எல்ட்ரிச்சின் மூன்று தழும்புகள்' என்று தமிழில் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர் அதற்கு 'சென்டோரிலிருந்து வந்த கடவுள்' என்று பொருள்படப் பெயர் வைத்திருந்தார்கள்.

கதை இதுதான். பூமி தாங்கமுடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது. ஐக்கிய நாடுகள் சபை ஆட்களைத் தெரிந்தெடுத்துச் செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்புகிறது. கடிதம் வந்தால் போகவேண்டியதுதான். அங்கே நிலத்துக்குக் கீழே வளை மாதிரியான குடியிருப்புகளில் பல குடும்பங்கள் ஒன்றாக இருக்கின்றன. மேலே மணலில் தோட்டம் செய்து வாழவேண்டும். ஆனால் தோட்டத்தைப் பார்க்க ஒருவருக்கும் மனமில்லை.

அவர்களிடம் பெர்கி பாட் என்றொரு பொம்மை இருக்கிறது. அவளுக்கு ஒரு காதலன், வால்ட். அவர்களுக்கென்று சின்னஞ்சிறு வீடு, கார், தளபாடங்கள், உடுப்புகள். எல்லாம் சூடேறுவதற்கு முந்திய பூமியில் இருந்த மாதிரியே செய்யப்பட்டவை. அந்தப் பொம்மை வீட்டின் முன்னால் குந்தியிருந்து கான்-டி என்ற போதைப்பொருளை எல்லாரும் மெல்லுகிறார்கள். ஒருவகைப் பாசியிலிருந்து செய்யப்படுவது அது. மென்றதும் பெண்களெல்லாம் பாட்டுக்குள்ளும் ஆண்களெல்லாம் வால்ட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறார்கள். ஓர் உடம்புக்குள் மூன்று நாலு பேர். கடற்கரை, வெயில், சனிக்கிழமை. மருந்து இறங்கியதும் மீண்டும் வளை, மீண்டும் தூசி. பொம்மைச் சாமான்களை வெளிப்படையாக விற்கிற அதே கம்பனிதான் கான்-டியைக் களவாக விற்கிறது. ஐ. நா. சபை கண்டும் காணாமல் இருக்கிறது.

அதில் ஓர் இடம் எனக்கு மறக்காது. ஒருவன் வால்ட்டுக்குள் கண்விழிக்கிறான். அவனுடைய கையெழுத்திலேயே ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. இதெல்லாம் பொய், நீ செவ்வாயில் இருப்பவன், கிடைத்த நேரத்தை வீணாக்காதே என்று தனக்குத்தானே எழுதிவைத்த குறிப்பு. பொய் என்று தெரிந்துகொண்டே அவன் அதற்குள் போகிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் அறையின் சுவரைப் பார்த்தேன்.

சுவரில் ஒரு மட்டை. குளிர்சாதனப்பெட்டி வந்த காட்போட் பெட்டியை விரித்து, எங்களுக்கு மூத்த அண்ணர் ஒருவர் அதில் ஊர்ப்படம் வரைந்திருந்தார். தொடக்கத்தில் அது அவருடைய ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் பியர்ப் போத்தல்களை உடைத்துவிட்டு அதன் முன்னால் இருப்போம். "சந்தியிலை இறங்கினா முதல் என்ன வரும்?" என்று அண்ணர் தொடங்குவார். "சங்கக்கடை." "அதுக்கு அங்காலை?" "வைரவர் கோயில், பிறகு பூவரசு வேலி." ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து ஆளாளுக்கு ஒன்றைச் சேர்ப்போம். கிணறு, துலா, கறுத்தக்கொழும்பான் மரம், மதகு. மூன்று மணித்தியாலம் போனது தெரியாது. திங்கட்கிழமை விடிய அதே குசினி, அதே எண்ணெய் மணம்.

எங்கள் தோட்டமும் காய்ந்துதான் கிடந்தது. ஒருவரும் மொழிவகுப்புக்குப் போகவில்லை. அண்ணர் தனக்கு வந்த கடிதங்களை உடைக்காமலே கட்டிலுக்குக் கீழே போட்டுவைத்தார். அவற்றில் ஒன்று அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம். மேன்முறையீட்டுக்கான காலம் முடிந்த பிறகுதான் அதை உடைத்தோம். பிறகு பல வருடங்கள் அவர் விசா இல்லாமல் இருந்தார். தகப்பனின் செத்தவீட்டுக்கும் போகமுடியவில்லை.

அவரைச் சொல்லி நான் தப்பமுடியாது. எங்கள் வீடு வலிகாமம் வடக்கில். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபோது அம்மா அங்கிருந்து எழும்பி மானிப்பாய்ப் பக்கம் வந்துவிட்டார். 1993இல், கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அவர் அனுப்பிய கடிதம் எனக்குக் கிடைத்தது. "தம்பி, வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கட பக்கம் எல்லாம் தரைமட்டமாம். மாமரமும் இல்லையாம். நீ யோசியாதை" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டையில் எங்கள் வீட்டுக்கு ஒரு முன்விறாந்தை வரைந்தேன். மாமரத்துக்குப் பச்சை பூசினேன்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மா உண்மையை எழுதினார், நான் அவருடைய உண்மையை விட்டுவிட்டு மட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஊரை நினைப்பதில் பிழையில்லை. ஊரில் இருப்பவர்கள் சொல்வதைக் கேளாமல் நினைப்பதுதான் போதை. எங்கள் ஏக்கத்தை வைத்து வீடியோக் கடை நடத்தினார்கள், வானொலி நடத்தினார்கள், கட்சி நடத்தினார்கள். இந்தச் சஞ்சிகைகளும், இதில் எழுதுகிற நானும் அந்தக் கணக்கில் அடக்கம்தான்.

நாவலின் பிற்பகுதியில் எல்ட்ரிச் என்பவன் வேறொரு நட்சத்திரத் தொகுதியிலிருந்து ச்சூ-ஸீ என்ற புதிய போதைப்பொருளைக் கொண்டுவருகிறான். இதற்குப் பொம்மை வீடு தேவையில்லை. மென்றவன் வெகுகாலம் எங்கெங்கோ வாழ்ந்து திரும்பிவருகிறான். ஆனால் உண்மையிலேயே திரும்பிவிட்டானா என்பதுதான் சந்தேகம். எதிரே நிற்பவரின் முகத்தில் எல்ட்ரிச்சின் செயற்கைக் கண்கள் தெரிகின்றன. தன்னுடைய கையே அவனுடைய இயந்திரக் கையாக மாறுகிறது. இரும்புப் பற்கள் தெரிகின்றன. இவைதான் அந்த மூன்று தழும்புகள். 1991இல் இந்தப் பகுதி எனக்கு விளங்கவில்லை. மொழி போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

டிக் தன் கதையை 2016இல் நடப்பதாக எழுதியிருந்தார். எங்கள் காணி விடுபட்டு நான் அதைப் பார்க்கப் போனதும் தற்செயலாக அதே ஆண்டுதான். அம்மாவுக்கு அப்போது 74 வயது. பற்றைகளுக்கு நடுவே அவரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அத்திவாரக் கல் கொஞ்சம் கிடந்தது. கிணறு தூர்ந்துபோயிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போனது: இதிலை சங்கக்கடை, இடக்கைப் பக்கம் வாசிகசாலை, அதுக்கு அங்காலை மதகு.

அம்மா நின்றுவிட்டார்.

"வாசிகசாலை வலக்கைப் பக்கமெல்லோ. மதகு எங்கட ஊரிலை எங்கை இருந்தது? நீ ஆற்றை ஊரைச் சொல்லுறாய்?"

நான் விடவில்லை. மதகில் இருந்து கால் ஆட்டியது நினைவிருக்கிறது என்றேன். அம்மா மறுத்துப் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அன்றிரவு படுத்திருந்தபோதுதான் பிடிபட்டது. மதகு கரவெட்டிப் பொடியனுடையது. இடக்கைப் பக்க வாசிகசாலை அண்ணருடையது. ஏழு பேரும் ஒரே மட்டைக்குள் போய்வந்ததில் எது என்னுடைய நினைவு, எது மற்றவனுடையது என்று பிரிக்கமுடியாமல் போய்விட்டது. மதகில் ஆடிய கால் என்னுடைய கால் அல்ல.

அடுத்த நாள் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன். சந்தியிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் சொல்லச் சொன்னேன். அவர் முதலில் சொன்னது கடையுமல்ல, கோயிலுமல்ல. 1990இல் எழும்பி ஓடியபோது எந்த வேலிக்குப் பக்கத்தில் பக்கத்துவீட்டு ஆச்சியை இருத்திவிட்டு வந்தார்கள் என்பதைச் சொன்னார். அந்த ஆச்சி எங்கள் மட்டையில் எங்குமே இருக்கவில்லை.

நான் எழுதிக்கொண்டேன்.