ஓர் அங்குலப் பனியும் ஒரு ஜோடி கண்ணும்

உங்கள் பெண்ணோ, நாத்தனார் பிள்ளையோ, எதிர் வீட்டு மாமியின் மருமகனோ அமெரிக்காவில் இருந்தால், குளிர்காலத்தில் அங்கிருந்து வரும் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். வாசலெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. கூரை மேல் பஞ்சு மெத்தை விரித்தாற்போல் இருக்கும். குழந்தைகள் பனியை உருண்டை பிடித்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருப்பார்கள். "அடடா, என்ன அழகு!" என்று நாமும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு கார் நிற்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. எனக்குக் கவனிக்க நேர்ந்தது.

என் சித்தி பெண் வர்ஜீனியா மாநிலத்தின் வடகோடியில், டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். பனி பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு, சர்க்கார் ஆபீசுக்கு லீவு, மாப்பிள்ளைக்கு இன்னொரு கப் காப்பி. என் தங்கைக்கு மட்டும் லீவு கிடையாது. காலை 7 மணி டியூட்டிக்கு, இரவெல்லாம் கண் விழித்த இன்னொரு நர்ஸை வீட்டுக்கு அனுப்ப, இவள் போய்த்தான் ஆக வேண்டும். நோயாளிகள் பனி ஓயட்டும் என்று காத்திருப்பார்களா?

நான் போய்ச் சேர்ந்த ஜனவரியில் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த பெரிய விவாதம், அவளுக்கு எந்த வண்டி வாங்குவது என்பதுதான். அதற்கு முந்தின குளிர்காலத்தில், விடியற்காலை இருட்டில், ஒரு சின்னப் பாலத்தின் மேல் அவளுடைய கார் பம்பரமாக ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டதாம். எதிரே வண்டி எதுவும் வராதது தெய்வாதீனம். அன்று அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள். அன்று முதல் மாப்பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று.

"பாலத்தின் மேல் பனியே இல்லை, அண்ணா. ரோடு ஈரமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்" என்றாள் என்னிடம்.

அதைத்தான் அங்கே கறுப்பு ஐஸ் என்கிறார்கள். கண்ணாடி மாதிரி மெல்லிய பனிக்கட்டி. அதன் வழியே தார் ரோடு தெரிவதால் கறுப்பாக இருப்பதுபோல் தோன்றும். ரோடுக்கு அடியில் பூமியின் வெப்பம் இருக்கிறது. பாலத்துக்கு மேலேயும் கீழேயும் குளிர்காற்று. ஆகையால் ரோடு உறைவதற்கு முன்னால் பாலம் உறைந்துவிடும். பாலத்துக்குப் பாலம் இதைச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜூலை மாதத்திலும் அதே பலகை அங்கேயே நிற்பதால், ஜனவரியில் அதை யாரும் படிப்பதில்லை!

இந்தப் பிரதேசத்தின் சுபாவத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்கே பஃபலோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே வருஷத்துக்குச் சராசரி 90 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டுகிறது. அங்கே உள்ளவர்கள் அதற்குத் தயாராகவே பிறந்தவர்கள். வாஷிங்டனில் சராசரி 14 அங்குலந்தான். அதுவும் ஒழுங்காக வராது. 2022-23 குளிர்காலம் முழுவதும் சேர்த்து அரை அங்குலம்கூட விழவில்லை. ஆனால் 2016 ஜனவரி 22, 23 ஆகிய இரண்டே நாளில் டல்லஸில் 29 அங்குலம் குவிந்தது. எப்போது சிரிக்கும், எப்போது சீறும் என்று தெரியாத மாமியாரோடு குடித்தனம் செய்கிற மாதிரிதான்! அதோடு இங்கே குளிர், உறைநிலையை ஒட்டியே ஊசலாடுகிறது. பகலில் உருகும், இரவில் மறுபடி உறையும். நன்றாக உறைந்து கெட்டியான ஐஸைவிட, மேலே லேசாக ஈரம் படிந்த ஐஸ்தான் அதிகம் வழுக்கும். எப்போதோ வருகிற பனிக்காக ஏராளமான வழித்துத் தள்ளும் வண்டிகளை வாங்கி வைத்திருக்க எந்த ஊர் நிர்வாகத்துக்கும் மனம் வராது. ஓட்டுகிறவர்களுக்கும் பழக்கம் இல்லை.

அந்த 29 அங்குலத்துக்கு இரண்டு நாள் முன்பு, 2016 ஜனவரி 20-ந் தேதி மாலை, வாஷிங்டனில் விழுந்தது ஏறக்குறைய ஓர் அங்குலந்தான். முன்கூட்டியே ரோடுகளில் உப்புப் போடவில்லை. ஊரே ஸ்தம்பித்தது. விமானத் தளத்திலிருந்து வெள்ளை மாளிகைக்குத் திரும்பிய ஜனாதிபதி ஒபாமாவின் கார் வரிசையே ஒரு மணி நேரத்துக்கு மேல் தத்தளித்துப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மேயர் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்க ஜனாதிபதிக்கு வாய்க்காத வண்டியா என் தங்கைக்கு வாய்க்கப் போகிறது என்று எனக்குத் தோன்றியது.

மாப்பிள்ளையின் கட்சி நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி. கடைக்குப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டும் வந்திருந்தார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவர்கள் தெரு ஒரு சரிவு. வீடு பள்ளத்தில் இருக்கிறது. பெரிய சாலைகளை வழித்த பிறகுதான் இந்த மாதிரிக் குடியிருப்புத் தெருக்களுக்கு வண்டி வரும். முன் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரணக் கார், மேட்டில் ஏறமாட்டேன் என்று நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடைவெளி அதிகம் இருந்தால் ஆழமான பனியில் தட்டாமல் போகலாம். சுபாரு அவுட்பேக் போன்ற வண்டிகளில் அது 8.7 அங்குலம். நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் இருக்கும் டொயோட்டா சியன்னாவிலும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை கிடைக்கிறது. மாப்பிள்ளை இதையெல்லாம் அட்டவணை போட்டு வைத்திருந்தார்.

மின்சாரக் கார் வாங்கலாமா என்றும் ஒரு பேச்சு அடிபட்டது. கடுங்குளிரில் உள்ளே கணப்புப் போட்டு ஓட்டினால், ஒரு தடவை சார்ஜ் செய்து போகக்கூடிய தூரம் சராசரி 41 சதவீதம் குறைந்தது என்று அமெரிக்க மோட்டார் சங்கம் 2019-ல் சோதித்துச் சொல்லியிருக்கிறது. ஆஸ்பத்திரி பதினாறு மைல்தானே, அதனால் குடி முழுகாது. ஆனால் விலையைப் பார்த்ததும் அந்தப் பேச்சு தானாகவே நின்றது.

இந்தச் சமயத்தில்தான் அடுத்த வீட்டுக் கிழவர் வந்து சேர்ந்தார். பஃபலோக்காரர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டோடு இருக்கிறார். மாப்பிள்ளையின் அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"எல்லாம் சரி. இதில் நிறுத்துவதைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை விழித்தார்.

"நான்கு சக்கரமும் இழுத்தால் கிளம்புவதற்கு உதவும். நிறுத்துவதற்கு உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. வழுக்குகிற ரோட்டைத் தொடுவது நீங்கள் வாங்கும் வண்டி இல்லை, ஐயா. அதன் டயர்!"

மறுநாள் இரவு மூன்று அங்குலம் பனி விழுந்தது. காலையில் கிழவர் எங்களை ஒரு பெரிய மைதானத்துக்கு அழைத்துப் போனார். கார்கள் நிறுத்தும் இடம். லீவு நாளானதால் காலியாகக் கிடந்தது. மாப்பிள்ளை நண்பரிடமிருந்து இரவல் வாங்கி வந்த பெரிய வண்டியில் நான்கு சக்கரமும் இழுத்தன. ஆனால் டயர் சாதாரண டயர். கிழவருடையது பதினைந்து வருஷத்துப் பழைய சின்னக் கார். முன் சக்கரம் மட்டுந்தான் இழுக்கும். ஆனால் குளிர்கால டயர் மாட்டியிருந்தார். இரண்டும் 20 மைல் வேகத்தில் வந்து, ஒரு குறிப்பிட்ட கம்பத்தருகே பிரேக் போட வேண்டும் என்று ஏற்பாடு.

பெரிய வண்டி சிங்கம் மாதிரி கிளம்பியது. கம்பத்தருகே பிரேக் போட்டதும் அதே சிங்கம் கடகடவென்று முனகிக்கொண்டு வழுக்கிக்கொண்டே போயிற்று. நான் காலடியால் அளந்தேன்: 16 அடி வைப்பு. கிழவரின் கார் கிளம்பும்போது கொஞ்சம் திணறியது; வழுக்கி, அசைந்து, பிறகுதான் வேகம் பிடித்தது. நின்றதோ 11 அடி வைப்பில். வித்தியாசம் ஐந்தே அடி வைப்பு. முன்னால் ஒரு கார் நின்றிருந்தால் அந்த ஐந்தில்தான் எல்லாம் இருக்கிறது. மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் தடவை தாமே அளந்து பார்த்தார்.

குளிர்கால டயரில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். சுமார் 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் இளகியே இருக்கும். அதன் மேல் கத்தியால் கீறினாற்போல் நூற்றுக்கணக்கான மெல்லிய பிளவுகள். அவை பனியைக் கவ்விப் பிடிக்கும். மூன்று சிகரமுள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனிப்பூ, இந்த முத்திரை பக்கத்தில் பொறித்திருக்க வேண்டும். ஆனால் கோடையில் இதையே ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். வசந்தத்தில் கழற்றி வைக்க வேண்டும். வருஷம் முழுவதும் ஓட்டக்கூடிய, அதே முத்திரை பெற்ற இன்னொரு ரகமும் இருக்கிறது. பனி எப்போதாவது வருகிற ஊருக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம். கிழவர் ஒப்புக்கொள்ளவில்லை. பஃபலோக்காரர் அல்லவா?

டயர் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர் சொல்லிக் கொடுத்த வித்தை வேடிக்கையானது. டயரின் பள்ளத்தில் ஒரு சென்ட் நாணயத்தைத் தலைகீழாகச் செருக வேண்டும். லிங்கனின் உச்சந்தலை தெரிந்தால் டயரை உடனே மாற்ற வேண்டும். பனிக்கு அந்தக் கணக்குப் போதாது. கால் டாலர் நாணயத்தைச் செருகி, வாஷிங்டனின் தலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். என் தங்கையின் டயரில் லிங்கன் தப்பினார், வாஷிங்டன் தப்பவில்லை. பாலத்தின் மேல் நடந்த கூத்துக்குக் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

முடிவு தங்கையினுடையது. ஓட்டப் போகிறவள் அவள்தானே? "பழைய காரே போதும். நாலு டயர் வாங்கிக் கொடுங்கள்" என்றாள். குளிர்கால டயர்தான், கிழவருக்கு வெற்றி. மேடு ஏறும் பிரச்னைக்கும் அவளே வழி சொன்னாள். பனி வரும் என்று ரேடியோவில் சொன்னால், முந்தின இரவே காரைத் தெருமுனையில், மேட்டின் மேலே, பெரிய சாலையை ஒட்டி நிறுத்திவிடுவது. காலையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்து ஏற வேண்டியது.

"இதற்கா மூன்று வாரம் அட்டவணை போட்டேன்!" என்றார் மாப்பிள்ளை.

அவர் வேலை முடியவில்லை. காரின் பின்பெட்டியைத் தயார் செய்யும் பொறுப்பு அவருக்கு. அதற்குக் காரணம் 2022 ஜனவரி 3. அன்று அதே வர்ஜீனியாவில், ஃப்ரெடரிக்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில், 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் நடந்ததை அந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. முதலில் மழை பெய்ததால் முன்கூட்டி உப்புப் போட முடியவில்லை. பிறகு மழை பனியாக மாறிக் கொட்டியது. லாரிகள் குறுக்கே மடங்கிக்கொண்டு நின்றன. நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓர் இரவு முழுவதும் நகரவில்லை. செனட்டர் டிம் கெய்ன் ரிச்மண்டிலிருந்து வாஷிங்டனுக்குச் சுமார் இரண்டு மணிப் பிரயாணத்துக்குக் கிளம்பி, 27 மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். வரிசையில் மாட்டிக்கொண்ட ஒரு ரொட்டி லாரியைத் திறந்து, பசியோடு இருந்தவர்களுக்கெல்லாம் ரொட்டி கொடுத்தார்கள். அன்று நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளும் மற்ற வண்டிகளோடு சமமாகத்தான் நின்றன.

அதனால் பின்பெட்டியில் இரண்டு கம்பளி, தண்ணீர், மடக்கு மண்வெட்டி, விளக்கு, சக்கரத்தடியில் போட ஒரு மூட்டை மணல். டாங்கில் எப்போதும் பாதிக்கு மேல் பெட்ரோல். பனியில் மாட்டிக்கொண்டால் ஹீட்டருக்காக இன்ஜினை விட்டு விட்டு ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் இறங்கி, பின்னால் புகைக்குழாயைப் பனி மூடவில்லையே என்று பார்க்க வேண்டும். மூடியிருந்தால் விஷப்புகை உள்ளே வந்துவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. திருச்சியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாயார் இதையெல்லாம் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு டப்பா முறுக்கைக் கொண்டுவந்து கம்பளிக்கு நடுவில் வைத்தார்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு மறுபடி பனி. விடியற்காலை நாலே முக்காலுக்கு என் தங்கை தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மேட்டில் நடந்து ஏறினாள். மாப்பிள்ளை ஜன்னலோரம் நின்றார். அத்தையம்மாள் சுவாமி விளக்கை ஏற்றினார். மேலே, தெருமுனையில், இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்து, மெதுவாக நகர்ந்து மறைந்தன. பிறகு யாரும் பேசவில்லை. காப்பி ஆறிப் போயிற்று. வழக்கமாக முப்பது நிமிஷத்துப் பாதை. அன்று ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. அதன் பிறகுதான் மேஜை மேல் இருந்த டெலிபோன் ஒளிர்ந்தது.

"வந்துவிட்டேன். பாலத்தில் பத்து மைல் வேகத்தில் போனேன். அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள்."