மண்ணீரல் விட்டுப்போன புள்ளி

“மிஸ், புள்ளி இருக்குதா?” தோப்பூரிலிருந்து வரும் அந்த உம்மா, றிப்போட்டைக் கையில் வாங்குமுன் கேட்பது இதைத்தான். ஏழு வயது மகனின் மண்ணீரலை எடுத்து இரண்டு வருடம். செங்குழியங்கள் பிறவியிலேயே தட்டையாக இல்லாமல் உருண்டையாகி, மண்ணீரலில் சிக்கிச் சிதைந்துகொண்டிருந்த பிள்ளை.

அவர் கேட்கும் புள்ளி, ஹோவெல்–ஜொலி துணிக்கை. என்பு மச்சையிலிருந்து வெளிவரும் செங்குழியம் சிலவற்றில் கருவின் துணுக்கொன்று தங்கிவிடும். மண்ணீரலின் ஒடுங்கிய இடுக்குகளில் குழியம் நெருக்கிக்கொண்டு நுழையும்போது அது பிடுங்கப்படும். மண்ணீரல் இல்லாவிட்டால் புள்ளியோடேயே குழியம் சுற்றித் திரியும்.

மண்ணீரல் எடுத்தவர்களுக்குக் குருதிச் சிறுதட்டுகளும் கூடிவிடும். அதிலொன்று குழியத்தின் மேல் வந்து குந்திவிட்டால் அசல் புள்ளி மாதிரியே தெரியும். லீஷ்மன் சாயத்தின் படிவும் ஏமாற்றும். எண்ணெய் லென்ஸில் வைத்து நுண்திருகியை மயிரிழை திருப்புவேன். குழியம் மங்கும்போது தெளிகிறதா, சுற்றிவர வெளிறிய வளையம் இருக்கிறதா, அது சிறுதட்டு. புள்ளி குழியத்தோடு சேர்ந்தே மங்கும், சேர்ந்தே தெளியும். உருண்டையாய், கடும் ஊதாவாய், பெரும்பாலும் குழியத்துக்கு ஒன்றுதான்.

இந்த முறை அவனுடைய படலத்தில் புள்ளி அருகிப்போயிருந்தது. உம்மாவுக்குச் சந்தோசம். நான் ஈமோகுளோபினையும் பிலிரூபினையும் பழைய றிப்போட்டுகளோடு வைத்துப் பார்த்தேன். சிலருக்குப் பட்டாணி அளவில் உப மண்ணீரலொன்று பிறப்பிலேயே இருக்கும். சத்திரசிகிச்சையில் தப்பிய அது பருத்தால் புள்ளிகளைப் பிடுங்கும். உருண்டைக் குழியங்களையும் மறுபடி சிதைக்கத் தொடங்கும். சூடாக்கிய செங்குழியங்களில் டெக்னீசியம் ஏற்றி எடுக்கும் கதிர்ப் படம் அது இருக்கும் இடத்தைக் காட்டிவிடும்.

புள்ளியைப் பிடுங்குவது ஒரு வேலை. நியூமோகொக்கஸ் போன்ற உறையுள்ள கிருமியை இரத்தத்திலிருந்து வடிப்பது வேறு வேலை; சிறு துண்டு மண்ணீரல் அதற்குப் போதாமல் போகலாம். இதே நோய்க்காக மண்ணீரல் எடுத்த 5 கைக்குழந்தைகளுக்குக் கடும் தொற்று வந்ததை 1952இல் கிங்கும் ஷூமேக்கரும் எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் விழித்தது. ஒருமுறை நான் “புள்ளி காணப்படவில்லை” என்று மட்டும் எழுதி அனுப்ப, ஒரு வாப்பா தொற்று வராமல் கொடுத்துவந்த பெனிசிலின் குளிசையை நிப்பாட்டிவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

2009இல் பாலம் திறக்குமட்டும் கிண்ணியாக் கடவையைப் ‘பாதை’ என்ற மிதவையில்தான் கடந்தார்கள்; அந்தத் தாமதம் இப்போது இல்லை. ஆனாலும் மண்ணீரல் இல்லாத பிள்ளைகளின் காய்ச்சலுக்கு மணித்தியாலங்கள்தான் கணக்கு. “தடுப்பூசி போட்டிருந்தாலும் புள்ளி குறைந்தாலும், காய்ச்சல் என்றால் விடியும்வரை பார்த்திருக்காதீங்க, ராவானாலும் தூக்கிக்கொண்டு வாங்க” என்று அந்த உம்மாவிடம் சொன்னேன். “குளிசை?” என்றார். டொக்டர் சொல்லும்வரை ஒருநாளும் விடக்கூடாது என்று றிப்போட்டின் அடியில் எழுதி, வாசித்தும் காட்டினேன்.